இருபத்திரண்டு வருஷத்து டெமோ

எங்கள் வீட்டுக் கீபோர்டின் ஸ்பீக்கர் உயிரை விட்ட அன்று நான் வெளியே துக்கம் காத்தேன். உள்ளே கொண்டாடினேன்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. முதலில் ஒரு 'கொர்ர்'. அப்புறம் ஒரு 'டப்'. அப்புறம் மௌனம். "ஐயோ, போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதுவிடுவேனோ என்று பக்கத்திலேயே பத்து நிமிஷம் நின்றாள். நான் கீபோர்டைப் போர்வையில் சுற்றி, பீரோவுக்கு மேலே ஏற்றி, இரண்டு அடி பின்னால் நகர்ந்து தலை குனிந்து நின்றேன்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை சொர்க்கம். வீட்டுக்கு வருகிறவர்கள், "சார் கீபோர்டு வாசிப்பாராமே?" என்று கேட்டால் பீரோவைப் பார்ப்பேன். ஒரு பெருமூச்சு. "வாசிச்சேன். ஒரு காலத்துல." அவ்வளவுதான். அவர்கள் கண்ணில் ஈரம் தெரியும். விரலைக்கூட அசைக்காமல் கலைஞனாக இருப்பதைவிடச் சுகமான உத்தியோகம் வேறு கிடையாது.

இப்போது உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்கிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள். எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது.

தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பட்டன். இடது ஓரத்தில், ஒலியைக் கூட்டும் குமிழுக்குக் கீழே, 'டெமோ' என்று போட்டிருக்கும். அமுக்கினால் கீபோர்டு தானாகவே மூன்று நிமிஷம் ஒரு பாட்டை வாசிக்கும். கற்றுக்கொள்ளும் ஆசையில்தான் வாங்கினேன், சத்தியமாக. அந்தப் பட்டனைக் கண்டுபிடித்த பிறகு கற்றுக்கொள்ளும் அவசியம் தீர்ந்துவிட்டது.

அப்போது நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாவது மாடியில் ஒரு ஒற்றை அறை. இரண்டாவது மாடியில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். என் குளியலறைத் தண்ணீர் அவர்கள் சமையலறையில் சொட்டியது. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசியைக் கையில் எடுக்காமலேயே குத்தக்கூடியவர். ஒரு சாயங்காலம் சண்டை போட மேலே வந்தார். நான் பட்டனை அமுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம். கதவு திறந்திருந்தது. அவர் வந்து நின்றதும் என் கைகள் தானாகக் கட்டைகளின் மேல் ஏறின. விரல்கள் ஓடின. தலையை ஆட்டினேன். கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது அக்காவின் கோபம் காணாமல் போயிருந்தது.

"இருங்க, என் தங்கச்சியைக் கூட்டிட்டு வரேன்" என்று இறங்கிப் போனார்.

தங்கை வந்தாள். மறுபடி அமுக்கினேன். மறுபடி கண்ணை மூடினேன். முடிந்ததும் அக்கா, "யார் பாட்டு இது?" என்று கேட்டார்.

"நானே போட்டது" என்றது என் வாய். என்னைக் கேட்காமல்.

ஆறு மாதத்தில் தங்கைக்கும் எனக்கும் கல்யாணம். தண்ணீர் மட்டும் தொடர்ந்து சொட்டியது.

ஒரே ஒரு தடவை ஆபத்து வந்தது. கல்யாணமான புதிதில் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து அதே பாட்டு காற்றில் வந்தது. எவனோ பட்டனை அமுக்கியிருக்கிறான். என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது உங்க பாட்டு இல்ல?"

"திருடிட்டானுங்க" என்றேன்.

"கேஸ் போடலாமா?"

"வேண்டாம். கலையை நாலு பேர் எடுத்துக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு அவள் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இப்படியாக இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. அப்புறம் வந்தது ஒரு புதன்கிழமை.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் அவள் ஒரு தனிப் பிறவி. கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டே, "மூணாவது வரிசை, கையை மேசை மேல வை" என்பாள். அப்படிப்பட்டவள் அன்று பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்துக்கொண்டு வந்தால் நான் வழக்கமாக எழுந்து நின்றுவிடுவேன்.

"ஏங்க, அக்கா அடுத்த சனிக்கிழமை ரிட்டையராறா."

"நல்ல விஷயம். முப்பத்தஞ்சு வருஷம் ஓடியாச்சு, இனிமேலாவது காலை நீட்டட்டும்."

"எனக்கு அன்னைக்குப் பரீட்சை டியூட்டி. ரயிலேறிப் போயிட்டு வர முடியாது."

"அதனால என்ன? போன்ல வாழ்த்திடலாம்."

"அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டா."

"கேட்கட்டுமே! அக்காவுக்கு இல்லாததா? என்ன வேணும்னாலும் செஞ்சிடுவோம்!"

அந்த நேரத்தில் யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

"உங்க பாட்டு வேணுமாம். அன்னைக்கு வாசிச்சீங்களே, அதே பாட்டு. ரெக்கார்டு பண்ணி அனுப்பினா விழாவுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவாளாம்."

நான் நிதானமாகப் பீரோவைப் பார்த்தேன். பெருமூச்சை எடுத்தேன். ஏழு வருஷமாக எண்ணெய் போட்டு வைத்திருக்கும் பெருமூச்சு. "செஞ்சிருப்பேன்மா. ஸ்பீக்கர்தான்..."

"ஸ்பீக்கரே வேண்டாமாம். கீபோர்டுக்குப் பின்னாடி மிடி இருக்காம்."

"மிடியா? அது சின்னப் பொண்ணுங்க போடற பாவாடை ஆச்சே!"

"அது இல்லீங்க. வட்டமா, அஞ்சு ஓட்டையோட ஒரு சாக்கெட். அதுல வயரைச் சொருகி கம்ப்யூட்டர்ல இணைச்சா, சத்தம் கம்ப்யூட்டர்லேர்ந்து வருமாம். அப்படியே பதிவும் ஆயிடுமாம். எதிர் வீட்ல சொன்னா."

எதிர் வீட்டுக்காரியை நாங்கள் 'நிறுத்தம்' என்போம். இந்த ஊர்ப் பேருந்துகளில், "அடுத்த நிறுத்தம்..." என்று ஒரு குரல் வருகிறதல்லவா, அது அவளுடையது. வீட்டிலேயே ஓர் அறையில் மெத்தைகளைச் சுவரில் அடித்து, மைக் வைத்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்புகிறாள். சாதாரணமாகப் பேசும்போதும் அதே குரல்தான், அதே இடைவெளிதான். காய் வாங்கும்போது அவள், "கத்தரிக்காய்... அரைக் கிலோ" என்றால் பின்னால் நிற்பவர்கள் இறங்கத் தயாராகிவிடுவார்கள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. நான் ஏன் பயப்பட வேண்டும்? கீபோர்டு வாசிப்பதுதானே வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது? யார் வாசித்தது என்று வயருக்கு எப்படித் தெரியும்? பட்டனை அமுக்கினால் பாட்டு ஓடும். ஓடினால் பதிவாகும். பதிவானால் அனுப்பலாம்!

"சார், எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு" என்றார் எதிரே இருந்தவர்.

"எனக்கு எல்லாம் தெளிவாயிடுச்சு!" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் நடு ஹாலில் நின்று அறிவித்தேன். "அக்காவுக்காக நான் மறுபடி கீபோர்டைத் தொடறேன். சனிக்கிழமைக்குள்ள பாட்டு ரெடி. இது சத்தியம்!"

"சத்தியம் எல்லாம் எதுக்குங்க? வாசிச்சாப் போதும்" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்பு விழா. பீரோவிலிருந்து கீபோர்டை இறக்கினேன். போர்வையிலிருந்து அரை வீசை தூசி விழுந்தது. மூன்று பேரும் ஒரு சுற்றுத் தும்மினோம். நிறுத்தம் தன் வீட்டு மேசை டிராயரிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்திருந்தாள். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறு முனை இரண்டாகப் பிரிந்து, இரண்டு வட்டமான முளைகள். ஒன்றில் 'இன்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'அவுட்'. கீபோர்டின் முதுகிலும் 'இன்', 'அவுட்' என்று இரண்டு ஓட்டைகள்.

"இதுல என்ன இருக்கு? இன்னுக்கு இன், அவுட்டுக்கு அவுட்" என்று நானே குனிந்து சொருகினேன். நிமிர்ந்தபோது இடுப்பில் ஒரு சுருதி விலகியது.

ஒரு கட்டையை அமுக்கினேன். சத்தமில்லை. இரண்டு கட்டை. சத்தமில்லை. முழங்கையால் பத்துக் கட்டை. ஊஹும்.

"வயர் போயிடுச்சு" என்றேன் நம்பிக்கையோடு. "சரி விடுங்க. அக்காவுக்கு ஒரு வாழ்த்து அட்டை..."

"மாத்திச் சொருகணும்ணா" என்றாள் நிறுத்தம். "அதுலேர்ந்து வெளிய வர்றது... இதுக்கு உள்ள போகுது. அதனால... அவுட்ல... இன்."

"வாய்க்கு வாய் பேசினா யார் கேக்கறது? ஒருத்தர் வாய்னா இன்னொருத்தர் காது. உங்களுக்கு இது தெரியாமத்தான் இருபத்திரண்டு வருஷமா நான் சொல்றது உள்ளயே போகல" என்றாள் என் மனைவி.

மாற்றிச் சொருகினேன். அமுக்கினேன். 'டம்' என்றது கம்ப்யூட்டர். பக்கத்துக் கட்டை, 'டிஷ்'. அதற்கும் பக்கத்துக் கட்டை, 'டொக்'.

"இது என்ன, பாத்திரம் விழுந்த மாதிரி?"

"டிரம்ஸ் வாத்தியம் தேர்வாகியிருக்கு" என்று நிறுத்தம் மவுஸைப் பிடித்தாள். ஒரு பட்டியல் விரிந்தது. பியானோ என்றே பதினாலு இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டாள். தொழில் புத்தி என்னை விடுமா? "இது தெளிவா இருக்கா, அதுவா? திரும்பப் பாருங்க. முதல்ல வந்ததா, ரெண்டாவதா?" என்று இரண்டு பெண்களையும் கேட்டுக் கேட்டு எட்டாவது பியானோவில் நிறுத்தினேன்.

அதிலும் ஒரு கோளாறு. கட்டையை அமுக்கினால் சத்தம் யோசித்து யோசித்து அரை நொடி கழித்துதான் வந்தது.

"உங்களை மாதிரியே இருக்குங்க" என்றாள் என் மனைவி. "குப்பையை வெளிய வைங்கன்னா இப்படித்தான்."

நிறுத்தம் எங்கேயோ போய் ஒரு எண்ணைக் குறைத்தாள். மறுபடி அமுக்கினேன். தொட்டதும் ஒலித்தது. வட்டமாக, கனமாக, அறை முழுக்க நிறைகிற ஒலி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கீபோர்டுக்கே இப்படி ஒரு குரல் இருந்ததில்லை. என் விரல் அந்தக் கட்டையை விட்டு எழவில்லை. எனக்கு என்னவோ செய்தது. அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"வாசிங்க" என்றாள் என் மனைவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

"கலைஞனுக்குத் தனிமை வேணும்."

"முன்னெல்லாம் வேண்டியிருக்கலையே?"

"இப்ப வயசாயிடுச்சு."

நம்பிவிட்டாள். எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். என் கடை பத்து மணிக்குத்தான். கதவைச் சாத்தினேன். சிவப்புப் பட்டனை அமுக்கி, பதிவை ஆரம்பித்தேன். பிறகு, என் அன்புக்குரிய, நான் வாழ்க்கை முழுவதும் நன்றி சொல்ல வேண்டிய அந்த டெமோ பட்டனை அமுக்கினேன்.

கீபோர்டில் சின்ன விளக்கு தாளத்துக்குக் கண் சிமிட்டியது. ஓடுகிறது! ஆனால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அதற்குப் பின்னால் வெறும் கட்டங்கள். மூன்று நிமிஷம் முழுக்க, துடைத்து விட்ட பலகை மாதிரி வெறுமை.

மறுபடி. அதே வெறுமை. பட்டனை ஏழு விதமாக அமுக்கினேன். தடவிக்கூடக் கொடுத்தேன். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மேடம், ஒரு சின்னச் சந்தேகம். எனக்கில்ல. என் நண்பர் ஒருத்தருக்கு. அவரும் கீபோர்டு வச்சிருக்கார். டெமோ பட்டனை அமுக்கினா பதிவாகலையாம்."

"ஆகாதுண்ணா. டெமோ கீபோர்டோட வயித்துக்குள்ளயே பாடிக்கிற பாட்டு. வயர்ல சத்தமே போறதில்ல. எந்தக் கட்டையை அமுக்கினோம்... எவ்வளவு அழுத்தினோம்... எப்ப விட்டோம்... அது மட்டும்தான் போகும். விரல் பட்டாத்தான் திரையில கோடு விழும்."

"விரல் படலேன்னா?"

"வெறும் திரை."

எவ்வளவு நேர்மையான வயர்! என் மனைவியே கண்டுபிடிக்காததை அந்த வயர் ஐந்து ஊசியால் குத்திக் காட்டிவிட்டது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தம் சொன்னாள். "உங்க நண்பர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. வேகமா வாசிக்கத் தெரியலேன்னா பரவாயில்ல. வேகத்தைக் குறைச்சு வச்சு, ஒத்தை விரலால வாசிச்சுப் பதிவு பண்ணலாம். அப்புறம் வேகத்தைக் கூட்டிக்கலாம். தப்பான கோட்டை மவுஸால பிடிச்சு இழுத்துச் சரியான இடத்துல வச்சிடலாம். தாளம் தவறினா... நேராக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

பட்டன்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

பாட்டு எனக்கு மனப்பாடம். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எந்தக் கட்டையில் ஆரம்பிக்கிறது என்பதுதான் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, அன்று காலை முழுக்கத் தேடி, முதல் நாலு ஒலிகளைப் பிடித்தேன். கண்ணாடி வில்லையில் குறி போடும் பேனா கடையிலிருந்து வந்தது. கட்டைகளில் எண் போட்டேன். அறுபத்தோரு கட்டைகளுக்கு நடுவில் நான் ஒரு முட்டுக்கட்டையாக உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை விரல் வீங்கியது. புதன்கிழமை இன்னொரு விரல் உதவிக்கு வந்தது. நான் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்தது. கடையில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன்."

"அங்க ஒரு கறுப்புக் கட்டை வரணும்" என்றேன்.

அவர் பலகையை மறுபடி உற்றுப் பார்த்தார், பாவம்.

சாயங்காலம் மனைவி கேட்பாள். "பாட்டு எப்படிப் போகுதுங்க?"

"மெருகேத்திக்கிட்டு இருக்கேன்."

"நீங்களே போட்ட பாட்டாச்சே, மறந்திருக்காது."

"எப்படி மறக்கும்!"

வியாழக்கிழமை காலை பாட்டு முடிந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், எறும்பு ஊர்வலம் மாதிரி. வேகத்தைக் கூட்டினேன். நேராக்கும் பட்டனை அமுக்கினேன். ஊர்வலத்தில் தள்ளாடிய எறும்புகள் எல்லாம் சட்டென்று வரிசையில் நின்றன. ஓட விட்டேன்.

அப்பழுக்கில்லை. ஒரு பிசிறில்லை. அதே டெமோ! 'இறுதி' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். இருபத்திரண்டு வருஷப் பொய்யை எழுபத்திரண்டு மணி நேர உழைப்பால் காப்பாற்றிவிட்டேன் என்று கண்ணாடி முன்னால் நின்று என்னையே முதுகில் தட்டிக்கொண்டேன். எட்டவில்லை, தோளோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை ஒன்றும் இல்லை. கீபோர்டைப் போர்வையில் சுற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எட்டு மணிக்கு மனைவி கிளம்பிப் போனதும் என் கால்கள் அதனிடமே போயின. எல்லாவற்றையும் முடுக்கினேன். கை பழக்கத்தில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கியது. உட்கார்ந்தேன். வேகம் குறைக்கவில்லை. எண்களைப் பார்க்கவில்லை. சும்மா வாசித்துப் பார்த்தேன்.

வந்தது!

சரியாக வரவில்லை, வந்தது. வலது கை ஓடியது, இடது கை அங்கங்கே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. நடுவில் ஓர் இடத்தில் தடம் மாறி, நின்று, "ச்சே" என்று என்னையே திட்டி, மறுபடி எடுத்தேன். மூன்று நிமிஷப் பாட்டு நாலரை நிமிஷம் ஆனது. கடைசி ஒலியில் விரலை வைத்து, அது தேய்ந்து தேய்ந்து அடங்கும் வரை எடுக்காமல் இருந்தேன். என் கண்கள் மூடியிருந்தன. இந்தத் தடவை நடிப்புக்காக இல்லை.

கைதட்டல் கேட்டது.

வாசலில் என் மனைவி. தோளில் பை. அவளுக்குப் பின்னால் நிறுத்தம், கையில் டீ தம்ளர்.

"நீ ஸ்கூலுக்குப் போகல?"

"இந்த வாரம் முழுக்கப் பரீட்சைங்க. டியூட்டி ஒன்பதரைக்குத்தான். நாலு நாளா எதிர் வீட்ல உட்கார்ந்து டீ குடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். செவ்வாய்க்கிழமை ரொம்ப மோசம். புதன்கிழமை தேறினீங்க."

"உங்க நண்பர்... நல்லா வாசிக்கிறார்ணா" என்றாள் நிறுத்தம். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? நாற்காலியிலேயே திரும்பி உட்கார்ந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு... மூணாவது மாடியில... நான் வாசிக்கல. அது ஒரு பட்டன். எனக்கு ஒரு ஒலிகூட வாசிக்கத் தெரியாது. உன்னை ஏமாத்திட்டேன்."

அவள் பையைக் கழற்றி மாட்டினாள். "தெரியும்."

"இப்பத் தெரிஞ்சிருக்கும். நான் சொல்றது அப்போ..."

"அப்பவே தெரியும்ங்க. பாட்டு நடுவுல நீங்க தும்மினீங்க. ரெண்டு கையாலயும் மூக்கைப் பொத்திக்கிட்டு மூணு தும்மல். பாட்டு நிக்கவே இல்ல."

தும்மியது எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணை மூடியிருந்தேன் அல்லவா?

"அப்புறம் ஏன்... என்னைக் கட்டிக்கிட்டே?"

"தும்மி முடிச்சதும் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம எவ்வளவு பதறினீங்க தெரியுமா? காது ரெண்டும் சிவந்து போச்சு. இவ்வளவு சின்னப் பொய்க்கே இப்படி வேர்க்கிற ஆளு, பெரிய பொய் எதையும் சொல்லிட முடியாதுன்னு தோணிச்சு." கீபோர்டின் மேல் நான் போட்டிருந்த எண்களை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "இன்னைக்கு வாசிச்சது நல்லா இருந்ததுங்க. நிஜமாவே."

அவள் பரீட்சைத் தாளில்கூட அப்படித் தாராளமாக மதிப்பெண் போட்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவை வெகுநேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சேச்சே."

"அப்ப அக்காவுக்கு மட்டும் தெரியவே வேண்டாம்மா. அவங்க மனசுல நான் அப்படியே இருந்துட்டுப் போறேன். விழாவுல போடற பாட்டு, சுத்தமா இருக்கணும். 'இறுதி'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன். அதை அனுப்பு."

"சரிங்க. நிறுத்தத்தைக் கேட்டு நானே அனுப்பிடறேன். நீங்க கடைக்குக் கிளம்புங்க, மணி ஆகுது."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிவதாகவே எனக்குப் பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அக்கா கூப்பிட்டார். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். பின்னால் பேச்சும் சிரிப்பும் நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்டன.

"தம்பி! எல்லாரும் அசந்து போயிட்டாங்க!" அக்காவின் குரல் தழுதழுத்தது. "பெரிய டாக்டர் ரெண்டாந்தடவை போடச் சொன்னார். வார்டு புள்ளைங்க கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்க்கா" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"அதுலயும் நடுவுல ஒரு இடத்துல நின்னு போச்சு பாருங்க! ஹால்ல எல்லாரும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டோம். திரும்ப எடுத்தீங்களே, அப்ப தட்டினாங்க பாருங்க கை!"

நின்று போச்சா? என் 'இறுதி'யில் எதுவும் நிற்காதே. அதில் எறும்புகூட வரிசை தாண்டாதே!

மனைவியைப் பார்த்தேன். அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை என் கை பழக்கத்தில் அமுக்கிய பட்டன்களில் பதிவுப் பட்டனும் ஒன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாற்காலியைச் சத்தத்தோடு பின்னால் தள்ளினேன். நான் எழுந்து போய்விட்டேன் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்டி, பக்கத்துல அவர் இல்லையே? ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இந்தத் தடவையாவது அவரேதான் வாசிச்சாரா?"

என் மனைவி விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவரேதான்க்கா. இவ்வளவு தப்பை எந்த மிஷினாலயும் பண்ண முடியாது."